கதவைப் பார்த்த கால்

அந்த அறையில் கட்டிலின் கால்மாடு கதவைப் பார்த்து இருந்தது. குற்றம் சொல்வதென்றால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கட்டில்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. ஐம்பத்தொன்று நடக்கிறது.

சூலூரில் எங்களுக்கு எட்டு விசைத்தறி. நானும் என் மனைவி சாந்தாமணியும்தான் ஓட்டுகிறோம். பங்குனிக் கடைசியில் ஒருநாள், இரண்டு தறிக்கு நடுவே புகுந்து போகும்போது, அவளுடைய இடது காலில் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே இரும்பு உரசிவிட்டது. பூனை பிறாண்டியது போல ஒரு கோடு, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறவள்தான். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறவள் மட்டும் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் காலையில் போர்வை பட்டாலே துடித்தாள். கால் வீங்கி, தோல் பளபளவென்று கன்றிப்போயிருந்தது. சூலூர் டாக்டர் ஓர் ஊசிகூடப் போடவில்லை. "இப்பவே கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிருங்க. ஊட்டுக்குப் போய்ட்டுப் போலாம்னு நிக்காதீங்க" என்றார்.

சதையைத் தின்னும் கிருமி என்றார்கள். மேலே தோல் சும்மா இருப்பது போலிருக்குமாம், அடியில் மணிக்கணக்கில் பரவிக்கொண்டே போகுமாம். மூன்று தடவை தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கெட்டதையெல்லாம் வெட்டி எடுத்தார்கள். உயிர் நின்றது. ஆனால் கணுக்காலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்குத் தோலும் இல்லை, சதையும் இல்லை. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. முதல்முறை பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் இறங்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் பேர் சைதன்யா. நாற்பது வயதிருக்கும், நம்ம ஊர்ப் பேச்சு. என்னை உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"எலும்ப இப்படித் தெறந்து போட்டு வெச்சா காஞ்சுரும்ங்க. காஞ்சா சீழ் புடிக்கும், அப்பறம் கால எடுக்கற மாதிரி ஆயிரும். அதனால வலது தொடைல இருந்து தோலும் சதையுமா ஒரு துண்டு எடுக்கறோம். அதுக்குன்னு ஒரு ரத்தக்குழா வரும். அதையும் சேத்து எடுத்து, கால்ல இருக்கற குழாயோட மைக்ராஸ்கோப்புல பாத்துத் தெச்சு உடறோம். ஃபிளாப்புன்னு சொல்லுவோம். ஒட்டுக்கட்டுன கன்று மாதிரிதான். புடிச்சுதுன்னா கால் நிக்கும்."

"புடிக்கலீன்னா டாக்டர்?"

"மொத அஞ்சு நாள் தாட்டிட்டா பயமில்லீங்க."

எட்டு மணி நேரம் அந்த ஆபரேஷன் நடந்தது. அறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பித்தது. கால் இரண்டு தலையணை உயரத்திலேயே இருக்க வேண்டும். மடக்கக் கூடாது, திருப்பக் கூடாது, அந்தப் பக்கம் எதுவும் அழுந்தக் கூடாது. புதுச்சதைக்குக் குளிர் ஆகாது என்று கத்திரி வெயிலில் ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள். காலில் போட்டிருந்த கட்டை நடுவே கொஞ்சம் பிரித்து, சன்னல் மாதிரி ஓர் இடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்து அங்கே விரலால் அழுத்துவாள். அழுத்தின இடம் வெளுத்து, மறுபடியும் மெதுவாகச் சிவக்க வேண்டும். சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். ஐந்து நாளைக்குப் பார்வையாளர் யாரும் உள்ளே வரக் கூடாது என்று கதவில் காகிதம் ஒட்டியாயிற்று.

அந்தக் காகிதம் ஒட்டியதில் எனக்குக் கிடைத்த திட்டுக்கு அளவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் போய்ப் பார்த்துவிட வேண்டும். போகாவிட்டால் பத்து வருஷம் கழித்தும் ஒரு கல்யாணப் பந்தியில் அது வெளியே வரும். வந்தவரைப் பார்க்க விடாமல் திருப்பி அனுப்பினால் அதைவிட மோசம். போனில் ஒவ்வொரு ஒறம்பரைக்கும், சொந்தக்காரருக்கும் சமாதானம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துபோயிற்று. தூக்கம் கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் கூட இருப்பவருக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள்; அதில் படுத்தால் தோள் வெளியே இருக்கும், தோளை உள்ளே இழுத்தால் முட்டி வெளியே வந்துவிடும். மகள் லோகப்பிரியா கம்பெனிக்குப் போகிற வழியில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவளுக்கு ஆவணியில் நிச்சயம் வைத்திருந்தோம்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு தேஜா சிஸ்டர் வந்தாள். அழுத்திப் பார்த்தாள். மூன்று எண்ணுவதற்குள் சிவந்துவிட்டது. "சூப்பருங்க அங்கிள், இப்படியே இருந்தாப் போதும்" என்று எழுதிவிட்டுப் போனாள். அவள் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். கதவு லேசாகத் திறந்தது.

என் அண்ணன் அப்புசாமி நின்றுகொண்டிருந்தார். பின்னால் அண்ணி மயிலாத்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. பாகம் பிரித்தபோது தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடம் யாருக்கு என்று ஒரு வாக்குவாதம் வந்து, நான்கு பேர் முன்னால் அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, அதோடு நின்றுபோனது. என் மாமனார் இறந்ததற்கு வந்தார். என்னைப் பார்க்காமலே போனார். மாப்பிள்ளை வீட்டார்கூடப் பெண் பார்க்க வந்தபோது, "பெரியப்பன் ஊட்ல பேச்சுவார்த்தை இல்லீங்களாமா?" என்று நாசூக்காகக் கேட்டுவிட்டுத்தான் காப்பியை வாங்கினார்கள். நிச்சயத்துக்கு அவர் வராவிட்டால் மற்றப் பங்காளிகளும் யோசிப்பார்கள். சாந்தாமணி அதை நினைத்து நினைத்தே பாதி உருகினவள்.

"ஏண்டா தனபாலு, உள்ள வரலாமா?" என்றார் அண்ணன்.

ஆறு வருஷத்தில் முதல் பேச்சு. அதையும் கேள்வியாகக் கேட்கிறார். கதவில் ஒட்டியிருந்த காகிதம் அவர் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"வாங்கண்ணா. வாங்கண்ணி."

அவர்கள் வெளியே குனிந்து செருப்பைக் கழற்றினார்கள். அப்போதுதான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். சாந்தாமணியின் கால் இரண்டு தலையணை மேலே, வருகிறவர் நெஞ்சு உயரத்துக்கு, பாதம் நேராகக் கதவைப் பார்த்து நீட்டியிருந்தது.

எங்கள் வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக் கால் நீட்டுவது கிடையாது. தூங்குகிற குழந்தையைக்கூடத் திருப்பிப் போடுவார்கள். கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருஷத்தில் சாந்தாமணி என் அண்ணன் முன்னால் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. அவர் வாசலில் தலை காட்டினால் எழுந்து நிற்பாள். இப்போதும் எழப் பார்த்தாள், முடியவில்லை. தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவள் கண்ணைக் காட்டினாள் என்று நான் சொல்லலாம். காட்டினாள்தான். ஆனால் கை என்னுடையது. மேல் தலையணையை உருவினேன். முட்டியை மடக்கி, காலைச் சுவர்ப் பக்கமாகச் சாய்த்து வைத்தேன். திறந்திருந்த இடம் தெரியாமல் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். அவர்கள் இரண்டாவது செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி என் பெஞ்சில் உட்கார்ந்து சாந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி அம்மணி இருக்கற?" என்றார் அண்ணன். "நல்லாருக்கறனுங்க மாமா" என்றாள் இவள், நாற்பது நாள் கிடந்த கோலத்தில். பிறகு அவர் தென்னைக்கு வந்த நோயைப் பற்றிப் பேசினார். தன் முட்டிவலியைப் பற்றிப் பேசினார். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். வண்டித்தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. நடுவில் இரண்டு தடவை சாந்தாமணியைப் பார்த்தேன், வலிக்குதா என்று கண்ணால் கேட்டேன். அவள் இல்லையென்று தலையை அசைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அசைத்தாள். அதையும் நான் பார்த்தேன்.

"பாப்பாளுக்கு நிச்சயம் ஆவணியிலயா?" என்றார் அண்ணன்.

"ஆமாங்கண்ணா."

"தேதி சொல்லி உடு. நான் வந்து நிக்காம வேற யாரு நிப்பா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரியாக அந்த நேரம் பன்னிரண்டு மணி பார்வைக்கு தேஜா கதவைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "அஞ்சே நிமிசமுங்க சிஸ்டர். பெரியவங்க பேசிட்டிருக்காங்க." அவள் தயங்கி நின்றாள். உள்ளே ஆளைப் பார்த்து முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எதிர் அறையில் மணி அடித்தது. போய்விட்டாள்.

அவர்கள் புறப்படும்போது பன்னிரண்டே கால் தாண்டிவிட்டது. லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். அண்ணன் "போய்ட்டு வாரண்டா" என்றார். மனசு லேசாகி, அரைச் சிரிப்போடு அறைக்குத் திரும்பினேன். சாந்தாமணியின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. போர்வையை எடுத்தேன்.

நாவல்பழம் தின்ற நாக்கு எப்படி இருக்கும், அந்த நிறத்தில் இருந்தது புதுச்சதை. வீங்கி, தையல் ஓரத்தில் கறுப்பாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

இதற்கப்புறம் நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் காலை நிமிர்த்தினேன். அப்புறம் உருவின தலையணையை எடுத்துப் பழையபடி அடியில் வைத்தேன். பாதத்தைக் கதவைப் பார்த்து நேராக்கினேன். சுருங்கியிருந்த விரிப்பைக் கையால் தேய்த்துவிட்டேன். எல்லாம் ஆன பிறகுதான் மணியை அடித்தேன்.

தேஜா ஓடி வந்தாள். பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று. பத்து நிமிஷத்தில் டாக்டர் சைதன்யா வந்துவிட்டார். அழுத்தினார், ஊசியால் குத்திப் பார்த்தார், கறுத்த ரத்தம் வந்தது.

"கால் மடங்குச்சுங்களா? திரும்புச்சா? வந்தவங்க யாராச்சும் பெட்டுல ஒக்காந்தாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி சொன்னாள். "இல்லீங்க டாக்டர். வெச்சது வெச்ச மாதிரியேதானுங்க இருந்துச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் திரும்பிப் போகிற குழாயில் கட்டி அடைத்திருந்ததாம். எடுத்துவிட்டு மறுபடி தைத்தார்கள். சாயங்காலம் கொஞ்சம் சிவப்பாகத்தான் தெரிந்தது. அடுத்த நாள் ஓரம் கறுத்தது. அதற்கு அடுத்த நாள் முழுக்கக் கறுத்துவிட்டது. தொடையிலிருந்து எடுத்து எட்டு மணி நேரம் உட்கார்ந்து தைத்த சதையை, ஒரு மணி நேரத்தில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். மறுபடியும் எலும்பு தெரிந்தது. ஒரு பார்வையைத் தள்ளிப்போட்டதற்காக தேஜாவை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள் என்று லோகப்பிரியா கேட்டுவந்து சொன்னாள். நான் தட்டில் இருந்த இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாங்க தெச்சதுல தப்பில்ல. கால் வெச்சதுலயும் தப்பில்லீங்கறீங்க. அப்படி இருந்தும் ரெண்டு தடவ அடைச்சிருக்கு. அப்படீன்னா அவங்க கால் குழாயே அந்தக் கிருமியாலயும் சர்க்கரையாலயும் கெட்டுப்போயிருக்குன்னு அர்த்தம். இன்னொரு தொடைல எடுத்து வெச்சாலும் இதேதான் ஆகும். வீணா இன்னொரு பக்கமும் அறுக்கறதுக்கு, முட்டிக்குக் கீழ எடுத்தர்றது நல்லது. செயற்கைக் கால் போட்டு நடக்கலாமுங்க. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் ஒரு பிழை கிடையாது. நான் கொடுத்த பொய்யை வைத்துக்கொண்டு எந்த நல்ல டாக்டரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்.

மத்தியானம் சாந்தாமணியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. களைத்துப் போயிருந்தாள். அழுவதற்கும் தெம்பு வேண்டுமல்லவா.

"எடுக்கட்டும்ங்க. படுத்துப் படுத்து முதுகெல்லாம் நோவுது. எனக்கு ஊட்டுக்குப் போனாப் போதும்."

"நான் டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிப் போடறேன் சாந்தா. சொன்னா இன்னொரு தடவ பாப்பாரு."

"என்னன்னு சொல்லுவீங்க? அண்ணன் வந்தாரு, அவருக்காகக் காலத் திருப்புனேன்னா? அது அவரு காதுக்குப் போவாதா? உன்னாலதான் என்ற பொண்டாட்டி கால் போச்சுன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்ன மாதிரி ஆயிரும். அப்பறம் அவரு நிச்சயத்துக்கு வருவாருங்களா? ஆறு வருசங்கழிச்சு வந்துருக்கறாரு. விட்டுருங்க."

"கால் போனா எப்படி நடப்ப?"

"அதான் கால் செஞ்சு தர்றாங்கன்னு சொன்னீங்கல்ல. நின்னு தறி ஓட்ட முடியாட்டி ஒக்காந்து பாபின்ல நூல் சுத்தறேன். பாப்பா கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "மாமாவ வரச் சொல்லுங்க. இத்தாப்பெரிய முடிவு எடுக்கறப்ப அவரு கூட இருக்கோணும்" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. யாரோ என் கையைப் பிடித்து, நீ பேசவேண்டாம் என்று சொன்ன நிம்மதி. நாற்பத்து மூன்று நாள் தூங்காதவனுக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுநாள் அண்ணன் வந்தார். டாக்டர் அறையில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து அவருக்குச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் காலில் முட்டிக்குக் கீழே கையை வைத்து, "இவ்வளவு நிக்கும்" என்று காட்டினார். அண்ணன் என் தோளில் கையை வைத்தார்.

"டாக்டர் சொல்றாங்கன்னா எடுத்தரலாம்டா. அம்மணி உசுரு இருக்குதே, அது போதும். நாம் பாத்துக்கலாம்."

ஆறு வருஷமாக அந்தக் கைக்கு ஏங்கியிருக்கிறேன். எனக்கு மீசை முளைத்த காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, எதுவென்றாலும் அந்தக் கை என் தோளில் விழும். கையெழுத்துப் போடவேண்டிய தாளை டாக்டர் நகர்த்தினார். நகர்த்தினவர் தாளைவிட்டு விரலை எடுக்கவில்லை.

"எனக்கே மனசு ஒப்பலீங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "பதினோரு மணிக்கு அவ்வளவு நல்லா இருந்த ஃபிளாப். ஒன்றரை மணி நேரத்துல அது ஏன் அப்படி ஆச்சுன்னு இன்னும் எனக்குப் புரியல."

நான் பேனாவை மூடினேன்.

"நான்தானுங்க காலத் திருப்புனேன்."

"எப்ப?"

"பதினோரு மணிக்கு மேல. தலையணைய எடுத்துட்டு, முட்டிய மடக்கிச் சுவத்துப் பக்கம் சாச்சு வெச்சனுங்க. மேல போர்வையப் போத்திட்டேன். அப்பறம் மணி அடிக்கறதுக்கு முன்னால பழையபடி எடுத்து வெச்சுட்டேன். சிஸ்டர் மேல ஒரு தப்பும் இல்லீங்க. நாந்தான் உள்ள வர விடல."

"எவ்வளவு நேரம் அப்படி இருந்துச்சு?"

"ஒண்ணேகால் மணி நேரமுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குங்க திருப்புனீங்க?"

அதைத்தான் கேட்காமல் இருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கை இன்னும் என் தோளிலேயே இருந்தது.

"அண்ணன் வந்தாருங்க. கால் அவரப் பாத்து நீட்டிக்கிட்டு இருந்துச்சுங்க."

தோளிலிருந்து கை எடுபட்டது. டாக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை எடுத்து இரண்டாக மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

"அன்னிக்கே இதச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு காரியத்துக்கு வந்த குரலில் சொன்னார். "மடங்கி அழுந்துனதுல அடைச்சிருக்குன்னா இது வேற கதைங்க. குழா நல்லாவே இருக்கலாம். இன்னும் கொஞ்சம் மேல போயி, நல்ல எடமாப் பாத்துத் தெச்சா இன்னொரு தடவ முயற்சி பண்ணலாம். இடது தொடை இருக்கு. உத்தரவாதம் குடுக்க முடியாது. ஆனா எடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்தே ஆகணும்." போனை எடுத்து, மறுநாள் காலைக்குக் குறித்து வைத்திருந்த ஆபரேஷனை மாற்றச் சொன்னார்.

வெளியே வராந்தாவில் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏச்சு வாங்கத் தயாராக நானும் நின்றேன்.

"நான் அந்தக் காலப் பாக்கவே இல்லடா" என்றார்.

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உள்ள வந்ததுல இருந்து அம்மணி மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். பாதி ஆளா எளச்சுக் கெடந்துச்சு. இத்தன வருசம் எட்டிப் பாக்காமப் போனமேன்னு எனக்கு ஒரே வெசனம். கால் கெழக்க பாத்துச்சா மேக்க பாத்துச்சான்னு இப்பக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. ஏண்டா, ஒடம்பு சரியில்லாம கெடக்கறவ காலப் பாத்துக் கோவிச்சுக்குவனா நானு? என்னய அப்படிப்பட்டவன்னாடா நெனச்ச?"

"அண்ணா..."

"இனி ஊர்ல எப்படிச் சொல்லுவாங்க? அப்புசாமி போனான், கால் போச்சும்பாங்க."

லிஃப்டுக்கு நிற்கவில்லை. முட்டிவலியோடு படியில் இறங்கிப் போனார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. நான் போன் போட்டால் அண்ணி எடுத்து, "அவரு தோட்டத்துல இருக்கறாருங்க தம்பி" என்பாள். எந்த நேரம் போட்டாலும் தோட்டத்தில்தான் இருந்தார்.

இடது தொடையிலிருந்து எடுத்து வைத்தார்கள். இந்த முறை பத்து மணி நேரம் ஆனது. அறைக்கு வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டேன். போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த சாந்தாமணியின் சித்தியை அப்படியே திருப்பி அனுப்பினேன். பழம் வாங்கிக்கொண்டு வந்த மாப்பிள்ளையின் அப்பாவிடமே கையெடுத்துக் கும்பிட்டு, "ஒரு வாரம் பொறுங்க" என்றேன். பழத்தை என் மடியில் வைத்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டேன். மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்தால் கதவை நானே திறந்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலை டாக்டர் சைதன்யா வந்து அழுத்தினார். விரலை எடுத்தார். சிவந்தது. மறுபடி வேறு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் சிவந்தது. "தாட்டிட்டீங்க அம்மா. கால் நிக்கும்" என்று சாந்தாமணியின் கையைத் தட்டிக் கொடுத்தார். என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டுப் போனார். லோகப்பிரியா அழுதுகொண்டே அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, ஆபீசில் சொல்லவேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். சந்தோஷப்பட வேண்டிய நேரம். இரண்டு பேருக்கும் அதற்குக்கூட உடம்பில் சத்து இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க" என்றாள். "அன்னிக்கு டாக்டர் ரூமுக்கு வெளிய மாமா உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு நீங்க சொல்லவே இல்ல. ரொம்பத் திட்டுனாருங்களா?"

அதுவரைக்கும் அவளிடம் அதை மறைத்து வைத்திருந்தேன். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் திராணி இல்லை.

"திட்டல. அவரு உன்ற காலப் பாக்கவே இல்லியாமா."

"பாக்கலீன்னா?"

"மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தாராமா. கால் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னே தெரியாதுன்னாரு."

சாந்தாமணி தலையைக் கொஞ்சம் தூக்கித் தன் உடம்பைப் பார்த்தாள். வலது தொடையில் பெரிய கட்டு. இடது தொடையில் அதைவிடப் பெரிய கட்டு. அதற்குக் கீழே தலையணை மேல் அந்தக் கால். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அப்ப, ஆருக்காகங்க திருப்புனீங்க?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தை மூடாமல், துண்டைத் தேடாமல், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதேன். எப்போது நான் கலங்கினாலும் "அட விடுங்க" என்பவள் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. பதினோரு மணிக்குச் சிஸ்டர் உள்ளே வந்தாள், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுத்திப் பார்ப்பதற்கு வசதியாக நான் எழுந்து தள்ளி நின்றேன்.